ஆடுகளை அகற்றிய தீவில் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டது ஏன்?

வாசல்மரம் (லாஸ்பேட்டை, புதுச்சேரி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் மதிலை ஒட்டி ஒரு பாட்டில் பனை நிற்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டி முடித்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு நர்சரியில் முழங்கால் உயரக் கன்றாக வாங்கி வைத்தோம். மரம் பருத்து, மேலே கழுத்துப்போல் சிறுத்து, நான்கைந்து மட்டைகளோடு நிற்கும் அதை வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை. அழகுக்காக வைத்த மரம் என்பதற்கு மேல் நாங்களும் அதைப் பற்றி ஒன்றும் யோசித்ததில்லை.

சென்ற மாதம் என் மகள் பள்ளிக் கட்டுரை ஒன்றுக்காக இந்த மரத்தின் பூர்வீகத்தைத் தேடினாள். மொரீஷியஸின் வடகரையிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரவுண்ட் தீவு என்னும் எரிமலைத் தீவில் மட்டுமே அது இயற்கையாக எஞ்சியிருந்தது என்றும், ஒரு கட்டத்தில் அங்கே பத்துக்கும் குறைவான முதிர்ந்த மரங்களே நின்றன என்றும் தெரிந்தது. திருமண மண்டபங்களிலும் ஓட்டல் வாசல்களிலும் வரிசையாக நிற்கும் ஒரு மரம் தன் சொந்த மண்ணில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தது என்பதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை.

அந்தத் தீவை மீட்ட கதையைத் தொடர்ந்து படித்தேன். கப்பற்காரர்கள் விட்டுச் சென்ற வெள்ளாடுகளை 1979ஆம் ஆண்டிலும் முயல்களை 1986ஆம் ஆண்டிலும் முற்றாக அகற்றிவிட்டார்கள். செடிகளைத் தின்று தீர்த்த அயல் விலங்குகளை அகற்றியது எனக்குப் புரிகிறது. ஆனால் 2007ஆம் ஆண்டில் அதே தீவில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்த ராட்சத நில ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்த ஆமைகளும் செடிகளைத் தின்பவையே; அந்தத் தீவுக்கு அவையும் அயலானவையே. அயல் விலங்கை இவ்வளவு பாடுபட்டு ஒழித்துவிட்டு இன்னோர் அயல் விலங்கைக் குடியேற்றுவது முரண் அல்லவா? எங்கள் பகுதி ஏரிக்கரையில் வேலிக்காத்தானை வெட்டிவிட்டு, வேறொரு நாட்டு மரத்தை நடுவதற்கு ஒப்பாகவே இது எனக்குத் தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

காசான் (புதுச்சேரி)

வணக்கம் அம்மா. தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று நீட்டியே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவுண்ட் தீவு நம் ஊசுட்டேரியைவிடவும் சிறியது; பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை கடலிலிருந்து நேரே எழுந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துக்குக் கவிழ்த்த கூடைபோல் நிற்கிறது. படகிலிருந்து பாறை விளிம்புக்குத் தாவி ஏற வேண்டிய கரை அது. அந்தக் கரடுமுரடுதான் தீவைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம், ஏனெனில் மொரீஷியஸ் பெருந்தீவின் பல உயிர்களை அழித்த எலி ரவுண்ட் தீவில் ஒருபோதும் கால் வைக்கவில்லை. எலி வராததால், பெருந்தீவில் அழிந்துபோன அரணைகளும் பல்லிகளும் பாம்புகளும் இந்தச் சிறு பாறையில் பிழைத்துக் கிடந்தன. அவற்றுள் ஒரு பாம்பின் மேல்தாடை எலும்பு இரண்டு துண்டாகப் பிரிந்து நடுவில் மூட்டோடு அமைந்தது. முதுகெலும்புள்ள வேறு எந்த விலங்குக் குடும்பத்திலும் காண முடியாத அமைப்பு அது. வழுக்கும் அரணையை இறுகப் பிடிப்பதற்கு அந்தத் தாடை உதவுகிறது.

எலி வராத இடத்துக்கு வெள்ளாடும் முயலும் வந்தன. கப்பல் உடைந்து கரை ஒதுங்குபவர்களுக்கு இறைச்சி கிடைக்கட்டும் என்று தீவுகளில் இவற்றை விட்டுச் செல்வது 19ஆம் நூற்றாண்டின் கடலோடிகளுக்கு வழக்கமாக இருந்தது. வேட்டையாடும் விலங்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அவை பெருகின. முளைக்கும் கன்றை எல்லாம் தின்றதால் பழைய மரங்கள் முதுமையடைந்து விழ, அவற்றின் இடத்தில் புதிய மரம் எழவில்லை. வேர் பிடிப்பு விட்ட சரிவிலிருந்து ஒவ்வொரு புயல் மழையும் மண்ணைக் கடலுக்குள் வழித்துச் சென்றது. இந்தக் கதையில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்லும் இடம் இதுதான்: அங்கே இரண்டு வகைப் பாம்புகள் இருந்தன. பனை மட்டைகளிடையே வாழ்ந்த ஒன்று பிழைத்தது. மண்ணைத் துளைத்து வாழ்ந்ததாகக் கருதப்படும் மற்றொன்று 1975ஆம் ஆண்டுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. எந்த ஆடும் பாம்பைத் தொடவில்லை. பாம்பு குடியிருந்த மண் கடலுக்குள் போய்விட்டது.

ஆடுகள் சுடப்பட்டு ஒழிந்தன. முயல்களை ஒழிக்க நியூசிலாந்து வனவிலங்குத் துறையிலிருந்து டான் மெர்ட்டன் தலைமையில் சென்றவர்கள் நச்சு இரையைத் தீவெங்கும் கையால் இட்டார்கள். அந்த முயற்சியில் அரணைகள் சிலவும் மாண்டன என்பதை மறைக்கக் கூடாது. பிறகு நடந்தது வியப்பானது: நம் பனையைப் போன்ற விசிறி மட்டை கொண்ட லட்டான் பனையும், தாழை இனத்தைச் சேர்ந்த மரமும் தாமாகவே முளைத்துப் பரவின. அரணைகளின் எண்ணிக்கை கூடியது. உங்கள் வீட்டு மரத்தின் உறவுக் கன்றுகளும் பல ஆண்டுகளுக்குப் பிறகு நிலத்திலிருந்து தலை தூக்கின.

ஆனால் முயல் தின்னாதபோது நாட்டுச் செடி மட்டும் வளரும் என்பது இல்லை. காற்றிலும் பறவையின் காலிலும் மனிதரின் காலணியிலும் ஒட்டி வந்திருந்த அயல் களைகளும் புற்களும் அதே சுதந்திரத்தோடு வளர்ந்தன. அவை நாட்டு மரக் கன்றுகளை மூடின. இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை தொடங்குகிறது. ஆடு வருவதற்கு முன் அந்தத் தீவு மேய்ச்சலே இல்லாத தீவாக இருந்ததா என்றால், இல்லை. மொரீஷியஸில் மட்டும் இரண்டு வகை ராட்சத நில ஆமைகள் இருந்தன; சுற்றியுள்ள தீவுகளையும் சேர்த்தால் ஐந்து வகைகள். பல இலட்சம் ஆண்டுகளாகப் புல்லை மேய்ந்ததும் பழத்தைத் தின்று விதையைச் சுமந்ததும் அவைதான். டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கப்பலுக்கு இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் அவற்றை ஏற்றிச் சென்று ஐந்து வகைகளையும் அழித்துவிட்டார்கள். உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் கப்பலின் அடித்தட்டில் உயிரோடு கிடக்கும் என்பதே அந்த ஆமைகளுக்கு யமனாக முடிந்தது.

ஆகவே தீவில் காலியாக இருந்தது ஒரு வேலை. அந்த வேலைக்கு உரியவர் இறந்துவிட்டார். அவரை எழுப்ப முடியாது. உலகில் எஞ்சியிருக்கும் உறவினருள் உடலாலும் உணவாலும் மிக நெருங்கி நிற்பது அல்டாப்ரா ஆமை. ஆட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, அந்தத் தீவின் செடிகள் ஆமைகளோடு சேர்ந்து வளர்ந்தவை என்பதில் இருக்கிறது. அத்தீவுகளின் மரங்கள் பலவற்றில் கன்றின் இலை ஒரு வடிவும் நிறமும் கொண்டிருக்கும். ஆமையின் கழுத்து எட்டாத உயரத்தை அடைந்த பின் வேறு வடிவ இலை வரும். கன்றுப் பருவத்தில் ஆமையிடமிருந்து தப்பும் ஏற்பாடு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆடு பாறையேறும், பின்னங்காலில் நிற்கும், பட்டையை உரிக்கும்; அதற்கு எதிராக அந்தச் செடிகளிடம் ஓர் ஏற்பாடும் இல்லை.

இதை நம்பிக்கையின் பேரில் செய்யவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே மொரீஷியஸின் தென்கிழக்கில் உள்ள இல் ஓ எக்ரெத் என்னும் 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவில் சில ஆமைகளை விட்டுப் பார்த்தார்கள். நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்த கருங்காலி மரம் ஒன்று அங்கே உண்டு. அதன் பழத்தைத் தின்ன ஒருவரும் இல்லாமல் பழங்கள் தாய்மரத்தின் அடியிலேயே அழுகிக் கிடந்தன. ஆமைகள் அவற்றைத் தின்று, விதைகளைத் தொலைவில் சாணத்தோடு இட்டன. ஆமையின் குடலைக் கடந்து வந்த விதை அதிகம் முளைத்தது. அதன் பின்னரே ரவுண்ட் தீவுக்குச் சென்றார்கள். அங்கும் ஆமைகள் பெரும்பாலும் அயல் களைகளையே மேய்ந்தன; நாட்டுச் செடிகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டன. இன்று நூற்றுக்கணக்கான ஆமைகள் அங்கே மேய்கின்றன.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த காரணம்: தவறு நேர்ந்தால் ஆமையைத் திரும்ப எடுத்துவிடலாம். முழங்கால் உயர வேலி அதற்குப் போதும்; முதிர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும்; ஓடி ஒளியாது. முயலை அப்படித் திரும்ப அழைக்க முடியுமா?

---

தருமச்சாலை வீதி (வடலூர், கடலூர் மாவட்டம்)

காசான் ஐயாவின் விளக்கம் அறிவுக்கு நிறைவாக இருக்கிறது. மனத்துக்கு நிறைவாக இல்லை. 1867ஆம் ஆண்டில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆட்டையும் முயலையும் அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டவன் மனிதன். அவை தம் பசிக்குத் தின்றன. அதில் அவற்றின் குற்றம் என்ன? மனிதன் செய்த பிழைக்கு முயல்கள் நஞ்சுண்டு சாவதைத் திருத்தம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள்களில் கொல்வது என்று அறிவேன். அது எளிய சாவு அன்று.

செடிக்கும் உயிர் உண்டு, வாடிய பயிருக்காக வருந்தியவரின் ஊர்தானே உங்களுடையது என்று யாரேனும் கேட்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உண்மைதான். அந்தத் தீவில் ஒரு பக்கம் உயிரும் மறுபக்கம் உயிரற்ற பொருளும் இருந்திருந்தால் விடை எளிது. இரு பக்கமும் உயிர்கள் இருக்கும்போது, எண்ணிக்கையையும் அருமையையும் வைத்து எது சாகலாம் என்று தீர்ப்பு எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்பதே என் ஐயம். ஓர் இனத்தின் கடைசி உயிருக்கும், உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள்ள இனத்தின் ஓர் உயிருக்கும், சாகும் நேரத்து வலி ஒன்றுதான். ஆடுகளையேனும் பிடித்துப் படகில் ஏற்றியிருக்கக் கூடாதா?

---

முதுநகர்க் கடல் (கடலூர் முதுநகர்)

வடலூர் நண்பரின் கேள்வியை நானும் பலமுறை கேட்டதுண்டு. கப்பலில் பணியாற்றியவன் என்ற முறையில், படகில் ஏற்றும் பேச்சுக்கு மட்டும் விடை சொல்கிறேன். மனிதனே பாறையில் தாவி ஏற வேண்டிய கரையில், செங்குத்துச் சரிவில் வளர்ந்து மனிதரையே காணாத காட்டு வெள்ளாட்டைப் பிடித்து இறக்குவதென்றால், பத்தைப் பிடிக்கலாம். கடைசிப் பத்தைப் பிடிக்க முடியாது. கடைசி இணை எஞ்சினால் செய்த வேலை எல்லாம் வீண். காலாபகஸ் தீவுக்கூட்டத்தின் இசபெல்லா, சாண்டியாகோ தீவுகளில் 1997 முதல் 2006 வரை நடந்த பணியில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளாடுகள் கொல்லப்பட்டன. இறுதியில் ஒளிந்திருந்த சிலவற்றைக் கண்டுபிடிக்கக் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள். கூட்டத்தைத் தேடிப் போகும் அதன் இயல்பே மற்றவற்றைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆடுகளுக்குக் 'யூதாஸ் ஆடு' என்று பெயர். இதைப் படித்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆகவே இது நியாயம் என்று நான் வாதிட வரவில்லை. வேறு வழி இருந்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இந்தியப் பெருங்கடலின் மறுகோடி வரை போக வேண்டியதில்லை; நம் வங்கக் கடலிலேயே இதே கதை இருக்கிறது. அந்தமானுக்குக் கிழக்கே உள்ள பேரன் தீவு, நாட்டில் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991ஆம் ஆண்டில் மீண்டும் வெடித்தது. போர்ட் பிளேர் வழியில் பணி செய்தபோது தொலைவிலிருந்து அதன் புகையைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் மனிதர் விட்டுச் சென்ற வெள்ளாடுகள் எரிமலைச் சாம்பலுக்கு நடுவே பிழைத்து வந்தன. அதற்கு வடக்கே நார்கொண்டம் என்னும் உறங்கிய எரிமலைத் தீவு, ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சி அங்கே மட்டும் வாழ்கிறது. அங்கே காவல் சாவடி வைத்தபோது உணவுக்காகக் கொண்டுசென்ற ஆடுகள் காட்டுக்குள் இறங்கி, கீழ்க்காட்டுக் கன்றுகளைத் தின்னத் தொடங்கின. பின்னர் அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. இருவாச்சி பெருமரத்துப் பொந்தில் முட்டையிடும் பறவை. இன்று கன்று போனால் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பொந்து இருக்காது. இந்தக் கணக்கை ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவது கடினம்தான்.

எனக்கு ஆமையைவிட எலிதான் கவலை. துறைமுகத்தில் கட்டிய கயிற்றில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி ஏறாமல் இருக்கத்தான் அது. அப்படியும் ஏறிவிடும். ரவுண்ட் தீவை மீட்க எடுத்த இத்தனை ஆண்டு உழைப்பும், சூல் கொண்ட ஒரே ஓர் எலி கரையேறினால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். 2020ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரீஷியஸின் தென்கிழக்குப் பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கொட்டியதே, அது காசான் ஐயா சொன்ன எக்ரெத் தீவுக்கு அருகேதான். சுற்றியிருந்த சிறு தீவுகளின் அரிய பல்லி, அரணை இனங்கள் இதோடு முடிந்துவிடுமோ என்று அஞ்சி, சிலவற்றைப் பிடித்து ஆங்கிலக் கால்வாயில் பிரான்ஸ் கரைக்கு அருகே உள்ள ஜெர்சித் தீவின் விலங்குக் காட்சிசாலைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். பழைய கடலோடி ஆட்டை விட்டான். இன்றைய கடலோடி எண்ணெயை விட்டான்.

---

வாசல்மரம் (லாஸ்பேட்டை)

மூவருக்கும் நன்றி. ஆமை செய்யும் வேலை எனக்கு இப்போது விளங்குகிறது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் மரம் மூன்று ஆண்டுகளாகக் காய்க்கிறது. மட்டைக்கு அடியில் கொத்தாகத் தொங்கும் காய்கள் பழுத்து விழுந்து மதிலடியில் தாமாக முளைக்கின்றன. இந்த விதைகளை அந்தத் தீவுக்கு அனுப்ப வழி இருக்கிறதா? அங்கே பத்து மரம், இங்கே தெருவுக்கு நான்கு மரம் என்றால், கொடுக்க வேண்டிய இடத்தில் நாம்தானே இருக்கிறோம்? இரண்டாவது, எங்கள் ஏரிக்கரை வேலிக்காத்தானுக்கு இந்தப் பாடத்தில் ஏதேனும் உண்டா?

---

காசான் (புதுச்சேரி)

முதலில் விதை. உங்கள் நல்லெண்ணத்தை வணங்குகிறேன், ஆனால் அனுப்பக் கூடாது. அனுப்பினாலும் அவர்கள் வாங்க மாட்டார்கள். ரவுண்ட் தீவுக்குப் பணிக்குச் செல்பவர்களே சட்டைப்பையின் மடிப்பு, காலுறை, பையின் ஒட்டுப்பட்டை என்று ஒவ்வொன்றிலும் விதையோ எறும்போ பூச்சியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே இறங்க முடியும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஐஸ்லாந்தை ஒட்டி 1963 நவம்பரில் கடலடி எரிமலையிலிருந்து பிறந்த சர்ட்சி தீவில், மனிதக் கை படாமல் உயிர்கள் எப்படிக் குடியேறுகின்றன என்று பார்ப்பதற்காக ஆய்வாளர் அல்லாதவர்களை உள்ளே விடுவதே இல்லை. அங்கே ஒருநாள் தக்காளிச் செடி முளைத்து நின்றது. யாரோ ஒருவர் வயிற்றுக் கடமையை அங்கேயே முடித்துவிட்டுப் போயிருந்தார். தக்காளியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

அடுத்த தடை இன்னும் நுட்பமானது. பாட்டில் பனைக்கு ஒரு தங்கை உண்டு. மொரீஷியஸுக்குக் கிழக்கே உள்ள ரோட்ரிகஸ் என்னும் எரிமலைத் தீவின் கதிர்ப் பனை. அதுவும் தன் ஊரில் அழிவின் விளிம்பில் நிற்பது. இரண்டும் ஒரே பேரினம். இயற்கையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடல் அவற்றைப் பிரித்து வைத்தது. நர்சரியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் மகரந்தம் கலந்து கலப்பினக் கன்றுகள் பிறக்கின்றன. நம் ஊர்த் தோட்டங்களில் நிற்கும் மரங்கள் எந்தத் தலைமுறையில் எதனோடு கலந்தவை என்று சொல்ல முடியாது. அந்தத் தீவின் மரத்தை அந்தத் தீவின் விதையிலிருந்தே வளர்க்க வேண்டும், அதைத்தான் செய்கிறார்கள்.

தாவரம் கப்பலேறுவதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1735ஆம் ஆண்டில் மொரீஷியஸ் உள்ளிட்ட அந்தத் தீவுகளின் பிரெஞ்சு ஆளுநரான லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அங்கே அழைத்துச் சென்றார். துறைமுகமும் கட்டடங்களும் எழுந்ததில் அவர்களுடைய கை இருக்கிறது. நம் தாவரவியல் பூங்கா 1826ஆம் ஆண்டில் அமைந்ததும் கடல் கடந்து வரும் செடிகளை வளர்த்துப் பார்க்கத்தான். இங்கிருந்து அங்கே ஆளும், அங்கிருந்து இங்கே மரமும் வந்த பாதை பழையது.

இப்போது ஏரிக்கரை. தீவில் செல்லுபடியாகும் முறை இங்கே அப்படியே செல்லாது. தீவுக்குக் கடல் வேலி. கடைசி முயல் இறந்தால் முயல் இல்லை. வேலிக்காத்தானைத் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து நான்கு கிளையாகத் தளிர்க்கும். தூரோடு பெயர்த்தாலும் மண்ணுக்குள் விதை காத்திருக்கும். அதையும் அகற்றினாலும் பக்கத்து ஊர் ஆடு நெற்றைத் தின்றுவிட்டு வந்து உங்கள் கரையில் புழுக்கை போடும். அங்கே ஆமை கருங்காலி விதையைப் பரப்புகிறது. இங்கே ஆடு வேலிக்காத்தான் விதையைப் பரப்புகிறது. விதை சுமப்பவரை மாற்ற முடியாத இடத்தில், வெட்டிய இடத்தை வெறுமையாக விடாமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கையிலும் அகற்றுதலோடு மீட்டுருவாக்கமும் சேர்ந்தே பேசப்படுகிறது. எந்திரத்தை விட்டுப் பெயர்த்து, விறகை ஏலம் விட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மூன்றாம் மழைக்கு முன் பழைய புதர் வந்து நிற்கும்.

நீங்கள் முதலில் கேட்ட 'வேறொரு நாட்டு மரம்' பற்றியும் ஒரு சொல். ஆரோவில்லில் மொட்டைச் செம்மண்ணைப் பசுமையாக்கத் தொடங்கியபோது, ஆஸ்திரேலிய அகேசியா மரங்களை நிழலுக்காக முதலில் வளர்த்து, அவற்றின் அடியில் வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற நம் கடற்கரைக் காட்டு மரங்களை நட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது அகேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாங்கின. வேலையை முடித்த பின் தானே விலகிக்கொள்ளும் அயலானை அழைக்கலாம். விலகாதவனை அழைக்கக் கூடாது. ஆமைக்கும் நான் சொன்னது அதுதான். உங்கள் ஏரிக்கரைக்கு நாட்டு விதை வேண்டுமென்றால் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே கொண்டைக்குருவியும் வௌவாலும் மரநாயும் செய்யும் வேலை, ரவுண்ட் தீவில் ஆமை செய்யும் வேலைதான்.

---

தருமச்சாலை வீதி (வடலூர்)

மாற்று வழி இல்லை என்பதை முதுநகர் நண்பர் சொன்ன விதத்தில் ஏற்கிறேன். அது நியாயமானது என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய பணிகளின் அறிக்கைகளில் எத்தனை கன்றுகள் முளைத்தன என்று எழுதும் இடத்தில், எத்தனை முயல்களும் எத்தனை அரணைகளும் மாண்டன என்பதையும் அதே எழுத்தளவில் எழுத வேண்டும். காசான் ஐயா அரணைகளை மறைக்காமல் சொன்னார். அதனால்தான் மற்றதையும் நம்பிப் படித்தேன்.

---

வாசல்மரம் (லாஸ்பேட்டை)

காசான் ஐயா, உங்கள் பதிலில் கதிர்ப் பனையைப் பற்றிப் படித்ததிலிருந்து ஓர் ஐயம். பாட்டில் பனைக்கு அடிமரம் தரையை ஒட்டிப் பருத்திருக்கும் என்றும், கதிர்ப் பனைக்கு நடுமரம் நூல் சுற்றிய கதிர்போல் பருத்திருக்கும் என்றும் என் மகள் ஒரு படத்தைக் காட்டினாள். இன்று மாலை இருவரும் வாசலில் நூல் கொண்டு அளந்தோம். எங்கள் மரத்தின் சுற்றளவு தரையோரத்தில் 96 சென்டிமீட்டர். இடுப்பளவு உயரத்தில் 121. நர்சரிக்காரர் பாட்டில் பனை என்றே சொல்லிக் கொடுத்தார். இது எந்தத் தீவின் மரம், ஐயா?

---

காசான் (புதுச்சேரி)

அம்மா, அந்த அளவைப் பார்த்தால் ரோட்ரிகஸ் மரம், அல்லது இரண்டும் கலந்தது. பூங்கொத்து மலர்வதற்கு முன் மொட்டாக இருக்கும்போது ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.